மஞ்சள் போடுகிற வீட்டிலிருந்து
மஞ்சளில் உள்ள குர்குமின் மறதி நோய்க்குக் காரணமான புரதத்தோடு கச்சிதமாகப் பொருந்துவதைக் கணினி காட்டிவிட்டதால் மருந்து கைக்கு எட்டிவிட்டது என்கிறது கட்டுரை. கோபி பக்கம் மூன்று தலைமுறையாக மஞ்சள் போடுகிறோம். அது உண்மையானால் எங்களைவிட மகிழ்பவர் யார்? ஆனால் திரையில் பொருந்துவது முதல் படிதான். குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வதே மிகக் குறைவு, அதற்குப் பிறகல்லவா மூளையை எட்டுவது! ஆய்வகச் சோதனைகளில் பொய் நம்பிக்கை தருவதற்கும் அது பெயர்போனது. இந்த நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் உருவாக உதவும் நொதியின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய வெருபெசெஸ்டாட் என்ற மருந்து அமிலாய்டை நன்றாகவே குறைத்தது. இருந்தும் நோயாளிகளுக்குப் பயனில்லை என்று 2018க்குள் சோதனைகளை நிறுத்திவிட்டார்கள். "மஞ்சள் பால் போதும், மாத்திரை எதற்கு" என்று மேலே எழுதியிருக்கும் நண்பரே, எங்கள் அப்பத்தாளுக்கு டோனெபெசில் என்ற மறதி நோய் மாத்திரையை நிறுத்திவிட்டு அதைத்தான் கொடுத்தோம். சில வாரங்களில் வாசலிலிருந்து களத்துக்குப் போகும் வழியே அவருக்குத் தெரியாமல் போனது. அந்த மாத்திரை நோயைக் குணப்படுத்தாது, கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். அந்தப் பிடியையும் நாங்களே விட்டுவிட்டோம். மருத்துவரிடம் ஓடி மீண்டும் தொடங்கியபோது, அப்பத்தாள் என்னை என் அப்பாவின் பெயரால் அழைத்துக்கொண்டிருந்தார்.