பெண் கேட்கிறாள் சரி, பையன் மறுக்கலாமா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டு இறுதியில் நடக்கும் ப்ராம், இலையுதிர்காலத்தில் நடக்கும் ஹோம்கமிங் ஆகிய நடன விழாக்களுக்குப் பையன் பெண்ணை அழைப்பதுதான் நெடுநாள் வழக்கம். சேடி ஹாக்கின்ஸ் நடனத்தில் மட்டும் பெண் அழைக்க வேண்டும். டிக்கெட், சாப்பாடு, அவன் கோட்டில் குத்தும் பூ எல்லாம் பெரும்பாலும் அவள் செலவு. சிகாகோ பக்கம் இதை டர்னபவுட் என்பார்கள், வாஷிங்டன் மாநிலத்தில் டோலோ.

இதன் பூர்வீகம் ஒரு பத்திரிகைப் படக்கதை. ஆல் கேப் வரைந்த 'லில் ஆப்னர்' தொடரில் 1937 நவம்பரில் வந்தது. டாக்பேட்ச் என்ற கற்பனை ஊர்ப் பெரியவருக்கு மகள் சேடியைக் கட்டிக்கொடுக்க வரன் அமையவில்லை. கல்யாணமாகாத ஆண்களை எல்லாம் நிறுத்தி, துப்பாக்கியின் முதல் வேட்டுச் சத்தத்துக்கு ஓடச் சொல்கிறார். அடுத்த வேட்டுக்குச் சேடி துரத்துகிறாள். பிடிபட்டவன்தான் மாப்பிள்ளை. 1939-இல் 201 கல்லூரிகளில் இந்தத் துரத்தலை வைத்துச் சேடி ஹாக்கின்ஸ் நாள் கொண்டாடுவதாக லைஃப் இதழ் எழுதியது.

பிடிபட்டவன் முடியாது என்று சொல்ல அங்கே வழியே இல்லை. அந்தக் கோளாறு இன்னும் தீரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம், தோழிகள் சூழ்ந்து நிற்க, 'நடனத்துக்கு வருகிறாயா' என்று எழுதிய போஸ்டர் அட்டையோடு பெண் கேட்கிறாள், நாலு போன் வீடியோ எடுக்கிறது. அந்தப் பையன் வேறென்ன சொல்வான்? சரி என்பான். ராத்திரி மெசேஜில் வரவில்லை என்பான். அதற்குள் டிக்கெட் வாங்கியாகியிருக்கும்.

அதனால் முதலில் தனியாகக் கேளுங்கள். அவன் மனசார ஒப்புக்கொண்ட பிறகு போஸ்டர் பிடித்துப் படம் எடுக்கலாம். இரண்டு மூன்று வாரம் முன்பே கேட்பது நல்லது. வேறு பள்ளிப் பையன் என்றால் விருந்தினர் படிவத்தில் அவன் பள்ளி நிர்வாகியின் கையெழுத்து தேவைப்படும். அதற்குக் கடைசி நாள் நடனத்துக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும். கடைசி நேரத்தில் கேட்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். எந்தச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். மாணவர் மன்றம் ஜோடி டிக்கெட் மட்டும் விற்கவே கூடாது. யாரும் அழைக்காத பையன் அன்று வீட்டில் உட்கார வேண்டியிருக்கும்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அனுமதி கொடுப்பது மற்ற நாளெல்லாம் பெண் வாய் திறக்கக்கூடாது என்பதுபோல ஆகிறது என்கிறார்கள் சிலர். நியாயம்தான். அதற்காக இந்த நடனத்தை நிறுத்த வேண்டாம், ப்ராமுக்கும் அவளே கேட்கட்டும். பதினாறு வயதில் துணிந்து ஒருவனிடம் கேட்பது சின்ன விஷயமில்லை. மாட்டேன் என்றால் ஏன் என்று துருவ வேண்டாம், தோழியைத் தூது அனுப்பவும் வேண்டாம்.