கையெழுத்து மட்டும் என்னுடையது

நேற்று எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. வாடிக்கையாளரிடம் தவறான தகவல் சொல்லி ஆயுள் காப்பீட்டுப் பாலிசி விற்றதாகப் புகார் வந்திருக்கிறதாம். ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர் யார் என்று பார்த்தேன். சிரிப்பு வந்தது, அடுத்த நொடி வயிறு எரிந்தது. "வங்கி டெபாசிட் மாதிரிதான் ஐயா, ஒரே தடவை கட்டினால் போதும்" என்ற வாக்கியத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அப்போது அவர் எங்கள் தஞ்சாவூர்க் கிளையின் மேலாளர். இப்போது மண்டல மேலாளர்.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொழிலின் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எப்படியிருக்கும் என்று தெரியாது. காலை ஒன்பதே கால் மணிக்குக் கூட்டம். நேற்று எத்தனை லாகின், அதாவது எத்தனை புதிய பாலிசி விண்ணப்பங்கள் பதிவாயின என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிற மனிதரை, நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்களின் முன்னால் நிற்க வைத்து, "சம்பளம் வாங்கும்போது கை கூசவில்லையா?" என்று மேலாளர் கேட்பார். மதியம் எங்கே இருக்கிறோம் என்று படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். இரவு பத்து மணிக்கு மறுபடியும் தொலைபேசி. 2025 மார்ச் 31, நிதியாண்டின் கடைசி நாள். அன்று ரம்ஜான். தொழுகை முடித்துப் புதுச்சட்டையோடு கிளைக்கு வந்து உட்கார்ந்திருந்தார் எங்கள் சக ஊழியர் ஒருவர். அவருக்கு வாழ்த்துச் சொல்லவில்லை இந்த மேலாளர். "உங்கள் ஜமாத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அந்த மார்ச்சில்தான் இந்தப் பாலிசியும் விழுந்தது. மன்னார்குடிப் பக்கம், ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர். பணிக்கொடையில் மிச்சம் வைத்திருந்த 3 லட்சம் ரூபாயை எங்காவது பத்திரமாகப் போட வேண்டும் என்றார். மேலாளர் என்னோடு கிளம்பி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார். "பெரியவரே, என் அப்பா மாதிரி இருக்கிறீர்கள்" என்றார். பத்தே நிமிடத்தில் காசோலை கைக்கு வந்துவிட்டது. எழுதிக் கொடுத்தது ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் பத்து ஆண்டுகள் கட்ட வேண்டிய பாலிசி! மாதக் கணக்கில் 25,000 ரூபாய். ஓய்வூதியத்தில் வாழும் மனிதருக்கு இது எப்படித் தாங்கும் என்று தலைமையகம் கேட்கக் கூடாதல்லவா? விண்ணப்பத்தில் ஆண்டு வருமானம் 12 லட்சம், விவசாயம் என்று நிரப்பச் சொன்னார். அந்த ஐயாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. வீட்டுக் கொல்லையில் இரண்டு வாழை நிற்கிறது, அவ்வளவுதான்.

பாலிசி பிடிக்கவில்லை என்றால், ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். முன்பு 15 நாட்களாக இருந்ததை 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கூட்டியது. நல்ல விதிதான். எங்கள் கிளை அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தது. பெரியவரின் பெயரில் மேலாளரே ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கினார். பாலிசி அதற்குப் போனது. கடவுச்சொல் எங்களிடம். அவருக்கு மின்னஞ்சல் என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. 30 நாட்கள் அங்கே ஓடி முடிந்தன. நிறுவனத்திலிருந்து அவருக்குச் சரிபார்ப்பு அழைப்பு வந்தபோது, "எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பணம் மாட்டிக்கொள்ளும்" என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான்தான். மறைக்க மாட்டேன். எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, அந்த மாதம் என் எண்ணும் பூஜ்யம். அதற்காக என் தவறு தவறில்லை என்று ஆகிவிடாது.

இந்தப் பொய்களெல்லாம் பதின்மூன்றாம் மாதத்தில்தான் வெடிக்கும். இரண்டாம் ஆண்டு பிரீமியம் கட்டச் சொல்லி அறிவிப்பு போகும்போதுதான் மக்களுக்கு விஷயமே புரியும். அதற்குள் ஊக்கத்தொகை வந்துவிடும், பரிசாகக் கிடைக்கும் பாங்காக் பயணம் முடிந்துவிடும், பதவி உயர்வும் கிடைத்துவிடும். எங்கள் ஆள் ஜூன் மாதமே மண்டலத்துக்குப் போய்விட்டார். பெரியவர் இந்த மார்ச்சில் கிளைக்கு வந்து நின்றபோது, அங்கே இருந்தவன் நான். இப்போது சரண்டர் செய்தால், அதாவது பாலிசியைப் பாதியிலேயே முடித்துக்கொண்டால், ஏதோ கிடைக்கும். 2024 அக்டோபரில் விதி மாறியதால், ஓராண்டுப் பிரீமியம் கட்டியவருக்கும் ஒரு தொகை உண்டு. ஆனால் அவர் கட்டிய 3 லட்சம் அப்படியே வராது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி காட்டி இழுக்கக் கூடாது என்கிறது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். வேலைக்கு வந்த இரண்டாம் மாதமே, "வாடிக்கையாளரின் முதல் பிரீமியத்தில் பாதியை உன் கையிலிருந்து போடு, இன்சென்டிவில் எடுத்துக்கொள்" என்று உத்தரவு. போட்டேன். இன்சென்டிவ் வரவில்லை. என் மச்சினன், சித்தி, வீட்டுக்காரர் என்று பாலிசி இல்லாத சொந்தமே எனக்கு இல்லை. இப்போது கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் பந்திக்கு எழுந்து போய்விடுகிறார்கள்.

இதில் எதுவுமே எழுத்தில் கிடையாது, கவனித்தீர்களா? திட்டுவது வாயால், மிரட்டுவது தொலைபேசியில், பொய் சொல்லிக்கொடுப்பது கார் பயணத்தில். வாட்ஸ்அப் குழுவில் கை தட்டும் படங்களும் "நேர்மையே நம் மூலதனம்" என்ற வாசகமும் மட்டும்தான் இருக்கும். விண்ணப்பத்தில் விற்றவர் என்ற இடத்தில் இருப்பது என் பெயர், என் கையெழுத்து.

பெரியவருக்குப் புகார்க் கடிதம் எழுதிக் கொடுத்ததும் நானே. நிறுவனம் ஒரு மாதத்துக்குள் சரியான பதில் தராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறேன். அது மேலே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. இன்று காலை மண்டல மேலாளரே அழைத்தார். ஓராண்டுக்குப் பிறகு முதல் முறையாக என்னைத் தம்பி என்றார். "விளக்கத்தில் என் பெயர் வேண்டாம். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

"சரி சார், இதையே ஒரு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்" என்றேன்.

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.