கேமுக்கு ரிக்வயர்மென்ட் எழுதித் தர முடியாது

ஐடி கம்பெனியில் சில வருடம் இருந்துவிட்டு கேம் டெவலப்மென்ட் பக்கம் வரும் நண்பர்கள் முதல் மாதத்திலேயே சொல்லும் புகார்: "இங்கே பிராசஸே இல்லை." இருக்கிறது. அவர்கள் பழகிய பிராசஸ் இல்லை, அவ்வளவுதான்.

வங்கிக்கு ஆப் செய்கிறோம் என்றால், பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும் என்பது கோட் எழுதும் முன்பே தெரியும். அதை ரிக்வயர்மென்டாக, அதாவது என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலாக, எழுதிவிடலாம். போனதா என்று டெஸ்ட் எழுதிச் சரிபார்க்கலாம். கேமில் "பட்டனை அழுத்தினால் குதிக்க வேண்டும்" என்று எழுதலாம். அந்தக் குதி கைக்குச் சுகமாக இருக்கிறதா என்பதை எந்த ஆவணத்தில் எழுதுவது?

2018இல் வந்த செலஸ்ட் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்கு வந்த பிறகும் 0.1 விநாடி வரை குதிக்க விடுவார்கள். லாஜிக்படி பார்த்தால் அது பக், அதாவது பிழை. ஆனால் அந்தச் சலுகை இல்லையென்றால், "சரியாகத்தானே அழுத்தினேன்" என்று ஆடுபவர் வெறுத்துப்போவார். இந்த மாதிரி எண்ணை எந்த கிளையன்ட்டும் மீட்டிங்கில் சொல்ல மாட்டார். ஆடிப் பார்த்து, மாற்றி, மறுபடி ஆடிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த கேமில் ஆடுபவரின் பாத்திரத்தை இயக்கும் கோட் முழுவதையும் கேமைச் செய்தவர்களே பொதுவில் வெளியிட்டார்கள். ஒரே ஃபைல், 5,000 வரிகளுக்கு மேல். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஓட்டம், குதி, சுவரேற்றம், டேஷ் என்கிற சட்டென்ற பாய்ச்சல் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது, ஒன்றைத் தொட்டால் மற்றது என்ன ஆகும் என்று ஒரே இடத்தில் பார்க்க முடிவது பெரிய வசதி. நாளைக்கே மாறப்போகிற கோடுக்கு ஐந்து அடுக்கு ஆர்க்கிடெக்சர் போடுவதுதான் வீண் வேலை.

இன்னும் பெரிய உதாரணம் ஹாஃப் லைஃப். வால்வ் கம்பெனியின் முதல் கேம். 1997 கடைசியில் வெளியிட வேண்டியது. ஆடிப் பார்த்தார்கள், சுவாரசியமாக இல்லை. இருப்பதில் நன்றாக இருந்தவற்றையும் புது யோசனைகளையும் சேர்த்து ஒரே ஒரு லெவல் செய்து பார்த்தார்கள். அது பிடித்துப்போனது. அந்தத் தரத்துக்கு எல்லா லெவலையும் திருப்பிச் செய்து, 1998 நவம்பரில் வெளியிட்டார்கள். செய்யச் செய்ய வெளியாட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று வாய் திறக்காமல் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். சாதாரண சாஃப்ட்வேர் புராஜெக்டில் இதற்குப் பெயர் ரீவொர்க், யாராவது விளக்கம் எழுத வேண்டியிருக்கும். இங்கே அதுதான் வேலையே.

கருவிகளும் மாறும். கேம் புராஜெக்டில் கோட் ஃபைல்களைவிட டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்), 3டி மாடல், அனிமேஷன், ஆடியோதான் இடத்தை அடைக்கும். இரண்டு ஆர்ட்டிஸ்ட் ஒரே மாடலைத் திருத்தினால், கோட் ஃபைலில் செய்வது போல இருவர் மாற்றத்தையும் மெர்ஜ் செய்து ஒன்றாக்க முடியாது. அதனால்தான் பல ஸ்டூடியோக்களில் ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்க ஐடியில் பழகிய கிட் (Git) மென்பொருளுக்குப் பதில் பெர்ஃபோர்ஸ் (Perforce), மற்றவர் தொடாதபடி ஃபைலை லாக் செய்துவிட்டு வேலை பார்க்கும் பழக்கம். அப்புறம் வேகம். திரையில் விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், வர வேண்டும் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லிசெகண்ட். எதிரியின் ஏஐ, ஃபிசிக்ஸ், ஒளி எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

இதையே சாக்காக வைத்து "கேமுக்கு டெஸ்ட் எழுத முடியாது" என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. சீ ஆஃப் தீவ்ஸ் என்ற கடற்கொள்ளையர் கேமைச் செய்த ரேர் ஸ்டூடியோ விளையாட்டு அம்சங்களுக்கே ஆட்டோமேட்டட் டெஸ்ட் எழுதி, அதை 2019 ஜிடிசி (கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ்) மாநாட்டில் விளக்கமாகச் சொன்னது. கப்பல் திரும்புகிறதா என்பதை மெஷின் பார்க்கட்டும். கப்பல் ஓட்டுவது ஜாலியாக இருக்கிறதா என்று பார்க்க மனிதர்களுக்கு நேரம் மிஞ்சும்.

ஐடியிலிருந்து வந்து கேம் டீம் நடத்தும் மேனேஜர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலையை ஓரிரு வாரத் தவணைகளாகப் பிரிக்கும் ஸ்ப்ரிண்ட் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வேலைக்கும் டிக்கெட் போடுங்கள், தப்பில்லை. ஆனால் மூன்று வாரம் உழைத்த புரோட்டோடைப்பை (சோதனை மாதிரியை) ஒருவர் "இது வேலைக்கு ஆகாது" என்று தூக்கிப் போட்டால், அந்த மூன்று வாரத்தை அப்ரைசலில் பூஜ்யமாகப் போடாதீர்கள்.