"வீட்ல சின்னப் பசங்க யாரும் இல்லையா?"

இந்தக் கேள்வியை இனி யாராவது ஒரு பெரியவர்கிட்ட என் முன்னாடி கேட்டா, அங்கேயே சண்டைக்கு நிப்பேன்.

நாங்க நாலு பேர். சனிக்கிழமை காலையில திருச்சி பொன்மலை பக்கம் வீடு வீடாப் போய், வயசானவங்களுக்குப் போன்ல வர்ற சிக்கலைச் சரி பண்ணிக் கொடுக்குறோம். காசு வாங்குறதில்ல. காலை வணக்கப் படங்களா சேர்ந்து போன் நின்னு போயிருக்கும், எதையோ அமுக்கி எழுத்து பொடிசாப் போயிருக்கும், கேஸ் புக் பண்ணத் தெரியாது. எல்லாம் பத்து நிமிஷ வேலை. அதுல எனக்கு ஒரு அலுப்பும் கிடையாது.

போன வாரம் போன வீட்டுல பெரியவருக்கு 82 வயசு. ரயில்வே பணிமனையில ஃபிட்டரா இருந்து ரிடையர் ஆனவர். மனைவி தவறிட்டாங்க, தனியாத்தான் இருக்கார். பென்ஷனுக்காக வருஷா வருஷம் ஆயுள் சான்று கொடுக்கணும் இல்லையா, அதுக்காக முழங்கால் வலியோட ஆட்டோ பிடிச்சு பேங்க்குக்குப் போயிருக்கார். கவுன்ட்டர்ல இருந்தவங்க அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்ல. "இப்ப எல்லாம் ஆப்லதான் பெரியவரே. வீட்ல சின்னப் பசங்க யாராச்சும் இருந்தா கேளுங்க." அவ்வளவுதான். மனுஷன் திரும்பி வந்துட்டார்.

எவ்வளவு பெரிய பொய் அது! நேர்ல கொடுக்குற சான்று இன்னிக்கும் செல்லும். 2014 நவம்பர்ல ஜீவன் பிரமாண்ங்கிற டிஜிட்டல் ஆயுள் சான்று வந்ததே பென்ஷன்காரங்க அலையக் கூடாதுன்னுதான். அது ஒரு வசதி. போன் இல்லாதவங்களைத் துரத்திவிட யாரும் அதைக் கொண்டுவரல. 2017 நவம்பர்ல ரிசர்வ் வங்கி எல்லா பேங்க்குக்கும் சொல்லியிருக்கு: 70 வயசு தாண்டினவங்களுக்கு அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கணும்னு. ஆயுள் சான்று வாங்குறதும் அதுல இருக்கு. தபால்காரர் வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிப் பதிவு பண்ற வசதியும் இருக்கு. இதுல ஒண்ணையாவது அந்தக் கவுன்ட்டர்ல சொல்லியிருக்கலாம்ல? வாய் வலிக்குமா?

சரின்னு போன்லயே பண்ண உட்கார்ந்தோம். ரெண்டு ஆப் இறக்கணும். பண்ணிக் கொடுக்குற நான் முதல்ல என் ஆதாரைப் போட்டு, என் முகத்தைக் காட்டணும். அப்புறம் அவரோட ஆதார், ஓடிபி, பிபிஓ நம்பர் (பென்ஷன் உத்தரவுல இருக்குற நம்பர்), பேங்க் கணக்கு. கடைசியா கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டணும். ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் ஆனவர். ஜன்னல் ஓரமா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கண்ணாடியைக் கழட்டச் சொல்லி, நாலாவது தடவைதான் ஏறுச்சு. விவரம் தெரிஞ்ச எனக்கே முக்கால் மணி நேரம். இதை அவர் தனியாப் பண்ணிருக்கணுமாம்!

என்னால தாங்க முடியாதது அதுக்கப்புறம் நடந்தது. பென்ஷன் வந்திருக்கான்னு பார்க்கணும்னார். போனை என் கையில கொடுத்து, பாஸ்புக் அட்டையைப் பிரிச்சுக் காட்டினார். உள்ள பேனாவால எழுதின பின் நம்பர். "நீங்களே போட்டுக்குங்க தம்பி."

என்னை அவர் அன்னிக்குத்தான் முதல்முறையாப் பார்க்குறார். நான் யாரு, எப்படிப்பட்டவன்னு அவருக்கு என்ன தெரியும்? பேங்க்காரங்களே, ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்கன்னு தினமும் மெசேஜ் அனுப்புறீங்க. அதே வாயால, வேற யாரையாச்சும் வெச்சுப் பண்ணிக்கோங்கன்னு அனுப்பி வைக்குறீங்க. அந்த வேற யாரோ நாளைக்குத் திருடனா இருந்தா? பணம் போனப்புறம் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டு அழணும், அப்பவும் "நீங்க ஏன் பின் நம்பரைச் சொன்னீங்க"ன்னு அவரைத்தான் திட்டுவீங்க.

பின் நம்பரை நாங்க தொடுறதில்ல. அவரையே போட வெச்சேன், நான் முதுகைக் காட்டி நின்னேன். நடுங்குற விரல், ரெண்டு தடவை தப்பாச்சு. பரவாயில்லைன்னு காத்திருந்தேன். 

பிள்ளைகளுக்கும் ஒண்ணு சொல்லணும். புது போன் வாங்கிக் கொடுத்துட்டு, "சொன்னாப் புரியாதாப்பா உனக்கு"ன்னு போன்ல கத்துறீங்களே, அந்தச் சத்தம் பக்கத்துல உட்கார்ந்திருக்குற எனக்குக் கேக்குது. அவர் முகம் போற போக்கையும் நான்தான் பார்க்குறேன். சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தப்ப உங்களை எத்தனை தடவை தூக்கி நிறுத்தியிருப்பார்?

அதே தெருவுல படுத்த படுக்கையா ஒரு அம்மா இருக்காங்க. அதே கிளையிலதான் அவங்களுக்கும் பென்ஷன். வர்ற திங்கள்கிழமை லீவு போட்டுட்டுப் போறேன். வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்து, வாங்கினதுக்கு முத்திரை போட்டுத் தர்ற வரைக்கும் அந்தக் கவுன்ட்டரை விட்டு நகர மாட்டேன்.