டக்கென்று சத்தம் வருகிறதே!

(மும்பை, வெர்சோவா படகுத்துறை. நீர் வற்றத் தொடங்கிவிட்டது. படகின் பின்னால் மாட்டியிருக்கிற எஞ்சினை மேலே தூக்காவிட்டால் விசிறி சேற்றில் புதைந்துவிடும். அதைத் தூக்க மேல் ரிலே, இறக்கக் கீழ் ரிலே என்று மின்சாரத்தால் இயங்கும் இரண்டு குட்டி ஸ்விட்சுகள். அண்ணாச்சி படகுக்காரர், தம்பி மெக்கானிக்.)

அண்ணாச்சி: தம்பி, எஞ்சின் ஒழுங்காகக் கீழே இறங்குகிறது, மேலேதான் ஏறவில்லை. நீங்களோ கீழே இறக்குகிற ரிலேயைப் பிடுங்குகிறீர்கள். பல்வலி என்று வந்தவனின் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறீர்களே!

தம்பி: மேல் ரிலே நீலக் கம்பிக்கு 12 வோல்ட்டைக் கொடுக்கிறது, அண்ணாச்சி. அந்த மின்சாரம் எஞ்சினை ஏற்றி இறக்குகிற டில்ட் மோட்டாரைச் சுற்றிவிட்டுப் பச்சைக் கம்பி வழியாகத் திரும்பி வந்து, சும்மா இருக்கிற இந்தக் கீழ் ரிலேயின் 30ஆம் காலில் நுழைந்து, 87ஏ காலைத் தொட்டுத்தான் எர்த்துக்குப் போயாக வேண்டும்.

அண்ணாச்சி: சும்மா இருக்கிறவனால் வேலை கெடுகிறது என்கிறீர்கள்.

தம்பி: சும்மா இருப்பதும் அதற்கு ஒரு வேலைதான். அதைக்கூடச் சரியாகச் செய்யவில்லை.

அண்ணாச்சி: எப்படிச் சொல்கிறீர்கள்? ஸ்விட்சை அழுத்தினால் இரண்டு ரிலேயிலும் டக்கென்று சத்தம் வருகிறதே!

தம்பி: சத்தம் போடுவது 85, 86 கால்களுக்கு நடுவில் இருக்கிற சுருள். மின்சாரத்தைச் சுமப்பது வேறு முனை. தாராவியில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தாலும் உஸ்ஸென்று பலமாகத்தான் சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்தைக் குடத்தில் பிடித்துச் சோறாக்க முடியுமா?

(இரண்டு ரிலேயையும் இடம் மாற்றிச் செருகுகிறார். ஸ்விட்சை அழுத்தியதும் எஞ்சின் முனகியபடி மேலே ஏறுகிறது.)

அண்ணாச்சி: அடடா, ஏறிவிட்டது! இந்தக் குழியில் இருந்ததை அந்தக் குழியில் வைத்தீர்கள், அவ்வளவுதானே? இதற்குக் கூலி கேட்க மாட்டீர்களே?

தம்பி: இப்போது கீழே இறக்கிப் பாருங்கள்.

அண்ணாச்சி: (அழுத்துகிறார்) டக்கென்று சத்தம் வருகிறது. இறங்கவில்லையே! வந்த வேலையை விட்டுவிட்டு நல்லதையும் கெடுத்துவிட்டீர்களே!

தம்பி: நான் எதையும் கெடுக்கவில்லை. கெட்டது குடிமாறியிருக்கிறது. ரிலேயோடு பழுதும் கூடவே போனால், கோளாறு ரிலேயில்தான், மோட்டாரில் இல்லை என்று பொருள்.

அண்ணாச்சி: மோட்டாரில் இல்லையா? போன வாரம்தான் புது டில்ட் மோட்டாரே வாங்கிப் பூட்டினேன்!

தம்பி: யார் சொல்லி?

அண்ணாச்சி: போன மெக்கானிக் ரிலேயில் காதை வைத்துக் கேட்டார். டக்கென்று சத்தம் வந்தது. ரிலே நன்றாக இருக்கிறது, மோட்டார்தான் போய்விட்டது என்றார்.

(தம்பி கெட்ட ரிலேயைக் கழற்றி, 30, 87ஏ கால்களில் மல்டிமீட்டரை வைக்கிறார். அது பீப் என்கிறது.)

அண்ணாச்சி: பார்த்தீர்களா! இதுவும் சத்தம் போடுகிறது!

தம்பி: மீட்டர் அனுப்புவது கொசுக்கடி அளவு மின்சாரம். மோட்டாரோ பல பத்து ஆம்பியர் இழுக்கும். அதனால்தான் இந்த 55 வாட் ஹெட்லைட் பல்பை வைத்திருக்கிறேன். இது எரிய நாலரை ஆம்பியராவது ஓடியாக வேண்டும்.

(பேட்டரியிலிருந்து அதே இரண்டு கால்கள் வழியாகப் பல்புக்கு இணைப்புக் கொடுக்கிறார். அணையப்போகும் பீடியின் முனை மாதிரி இழை சிவந்து நிற்கிறது. ரிலேயின் மூடியை நெம்பித் திறந்தால், விளக்காத பித்தளைக் குத்துவிளக்கைப் போல முனையெல்லாம் பச்சைக் களிம்பு.)

அண்ணாச்சி: உப்புக் காற்று உள்ளே புகுந்திருக்கிறது. இதை அந்த மெக்கானிக் ஏன் பார்க்கவில்லை?

தம்பி: பார்ப்பதற்கு நீங்கள் பணம் கொடுப்பதில்லையே, அண்ணாச்சி! மோட்டாரை மாற்றினால் ரசீதைக்கூடப் படிக்காமல் எண்ணி வைக்கிறீர்கள். அரை மணி நேரம் சோதித்துப் பார்க்கிறவனிடம், எதையும் மாற்றவில்லையே, எதற்குக் கூலி என்கிறீர்கள். அவர் பிழைக்கத் தெரிந்தவர், மாற்றினார்.

அண்ணாச்சி: (சற்று நேரம் கடலைப் பார்த்துவிட்டு) இப்போது மேலேயே நிற்கிறதே, எப்படி இறக்குவது?

தம்பி: நீர் மறுபடி ஏறும்வரை மேலேதானே நிற்க வேண்டும்? அதற்குள் லோஹார் சாலில் புது ரிலே வாங்கி வருகிறேன். அவசரமென்றால் பக்கவாட்டில் இருக்கிற ரிலீஸ் திருகைத் தளர்த்திக் கையால் இறக்கலாம். இந்தப் பழைய ரிலேயைத் தூக்கி எறிந்துவிடட்டுமா?

அண்ணாச்சி: ஐயோ, எறியாதீர்கள் தம்பி! ஆத்திர அவசரத்துக்கு ஸ்பேராக இருக்கட்டும். டக்கென்று சத்தம் வருகிறதே!