செலரி அதிகம் நட்ட வீடு

நான் குடியிருக்கும் பென்சில்வேனியா சிற்றூரின் பொது நூலகத்தில், பார்வை மங்கியவர்களுக்காகப் பெரிய எழுத்தில் அச்சான நூல்களுக்கென்று சன்னலோரம் ஒரு தனி அடுக்கு உண்டு. அந்த அடுக்கில் இருக்கும் நூல்கள் பலவற்றின் அட்டையில், வெள்ளைத் தலைத்துணி அணிந்த ஓர் இளம்பெண் வயல்வெளியைப் பார்த்தபடி பாதி முகம் காட்டி நிற்பாள். தொலைவில் ஒரு குதிரை வண்டி போய்க்கொண்டிருக்கும். அவற்றுள் எதை எடுத்துப் புரட்டினாலும் 19ஆம் பக்கத்தின் அடியோரத்தில், பென்சிலால் மிகச் சிறிதாக இட்ட குறிகள் தென்படும்: ஓர் எம், ஒரு டி, ஒரு நட்சத்திரம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி. குழந்தைகளின் கிறுக்கல் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். எண்பதை நெருங்கும் ஓர் அம்மையார்தான் ஒருநாள் விளக்கினார். எல்லா அட்டைகளும் எல்லாத் தலைப்புகளும் ஒன்றுபோலவே இருப்பதால் எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று நினைவு வைத்துக்கொள்ள முடிவதில்லையாம். ஆகவே படித்து முடித்தவர்கள் அந்தப் பக்கத்தில் தம் அடையாளத்தை இட்டுவிடுவார்களாம். நூலகருக்கும் இது தெரியும், அவர் கண்டுகொள்வதில்லை.

ஆமிஷ் காதல் நாவல்களை நான் விரும்பிப் படிக்கிறேன் என்று சென்ற மாதம் இங்கே ஒரு வரி எழுதியதற்கு, உள்பெட்டியில் வந்த கேள்விகளுள் பாதி ஏளனமாகவும் பாதி உண்மையான வியப்போடும் இருந்தன. மின்சாரமும் காரும் வேண்டாமென்று வாழும் ஒரு சமயக் குழுவைப் பற்றி, முத்தத்துக்கு மேல் எதையும் காட்டாத கதைகளில், முடிவு முன்கூட்டியே தெரிந்த கதைகளில், அப்படி என்னதான் இருக்கிறது என்பது அவற்றின் சாரம். அக்காவின் தலையணைக்கு அடியிலிருந்து ரமணிசந்திரன் நாவல்களை எடுத்துப் படித்து வளர்ந்தவளுக்கு முடிவு தெரிந்த கதை ஒரு குறையாகத் தோன்றுவதில்லை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கேள்விக்குக் கொஞ்சம் நீண்ட பதில் உண்டு.

பின்னணி தெரியாதவர்களுக்கு ஓரிரு செய்திகள். 1693இல் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில், குழந்தைத் திருமுழுக்கை ஏற்காத அனபாப்டிஸ்ட் கிறித்தவர்களிடையே ஏற்பட்ட பிளவில் யாக்கோப் அம்மான் என்பவரின் பின் சென்றவர்கள் ஆமிஷ் எனப் பெயர் பெற்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்கு வந்த அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அம்மாநிலத்தின் லங்காஸ்டரிலும், ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டியிலும், இண்டியானாவின் வடபகுதியிலும், வேறு பல மாநிலங்களிலும் பரவியிருக்கிறார்கள். 2024 வாக்கில் அவர்களின் தொகை 4 லட்சத்தைத் தொட்டது. அவர்களைப் பற்றிய கதைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே உண்டு என்றாலும், இன்றைய அலையைத் தொடங்கிவைத்தது 1997இல் பெவர்லி லூயிஸ் எழுதிய 'தி ஷன்னிங்' (சபை விலக்கு) நாவல்தான் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். ஆமிஷ் மரபுக்கு உறவான மென்னோனைட் சபைப் பின்னணி கொண்ட வேலரி வீவர்-ஸெர்கர் இவ்வகை நாவல்களை ஆராய்ந்து 2013இல் ஒரு நல்ல நூல் எழுதினார். அவர் கணக்குப்படி 2002இல் வெளியானவை 2. 2012இல் வெளியானவை 85. ஏறக்குறைய நான்கு நாளுக்கு ஒன்று. பதிப்பகங்களும் படிக்கிறவர்களும் பெரும்பாலும் எவாஞ்சலிக்கல் கிறித்தவ உலகை, அதாவது ஒவ்வொருவரும் இயேசுவைத் தாமே ஏற்று மனம் மாறுவதை வலியுறுத்தும் சபைகளைச் சேர்ந்தவர்கள்; ஆமிஷ் அல்லாதவர்கள்.

எளிய வாழ்க்கை மீதான ஏக்கம்தான் இந்நூல்களின் கவர்ச்சி என்று பொதுவாகச் சொல்வார்கள். கைப்பேசியிலிருந்து விடுதலை, தோட்டத்துத் தக்காளி, துணி உலர்த்தும் கொடி. அந்தக் காரணம் எனக்குப் போதவில்லை. தோட்டத்துத் தக்காளியைப் பற்றிப் படிக்க வேண்டுமானால் தோட்டக்கலை இதழ்கள் இருக்கின்றன. என் எண்ணம் வேறு: காதல் கதைக்குத் தேவையான தடை இங்கே உண்மையான தடையாக இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, இதே அடுக்கின் மறுபாதியில் இருக்கும் 'இனிய' சமகாலக் காதல் நாவல்களைப் பார்க்க வேண்டும். அவற்றிலும் படுக்கையறைக் கதவு மூடியே இருக்கும். கெட்ட வார்த்தை இராது. சிற்றூர், பேக்கரி, ஒரு நாய், பனி. பெருநகரில் வேலை இழந்த பெண் பாட்டியின் பேக்கரியை நடத்தத் திரும்பி வருகிறாள், எதிர்க்கடையில் தச்சு வேலை செய்யும் ஒருவன் இருக்கிறான், இருவருக்கும் வயது வந்துவிட்டது, இருவரும் தனியர், ஊரே அவர்கள் சேர வேண்டுமென்று விரும்புகிறது. இனி 250 பக்கங்களை எதைக்கொண்டு நிரப்புவது? ஆகவே எழுத்தாளர் பாவம், பாதி மட்டும் காதில் விழுந்த ஓர் உரையாடலையோ, பேக்கரியை இடித்து விடுதி கட்ட வரும் ஒரு பணக்காரனையோ இழுத்துவருகிறார். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடக்கூடிய மனத்தாங்கலை அவர்கள் பதினைந்து அத்தியாயங்கள் சுமக்கிறார்கள். இந்நூல்களையும் நான் படிக்கிறேன், காய்ச்சல் நாட்களில் குறிப்பாக. ஆனால் அவற்றின் சிக்கல்களை நான் ஒருபோதும் நம்பியதில்லை.

ஆமிஷ் கதையில் தடையைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை; அது அந்த வாழ்க்கையின் சட்டத்திலேயே இருக்கிறது. ஆமிஷ் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குக் கொடுப்பதில்லை. பதினாறு வயதை ஒட்டி, கட்டுப்பாடு சற்றுத் தளரும் 'ரும்ஸ்ப்ரிங்கா' என்னும் பருவம் தொடங்குகிறது. ஞாயிறு மாலைப் பாட்டுக் கூட்டங்களில் இளைஞர்கள் பழகுகிறார்கள். அதன்பின் அவரவர் தாமே முடிவெடுத்துத் திருமுழுக்குப் பெற்றுச் சபையில் சேர வேண்டும். சேராமல் வெளியேறினால் வருத்தம் உண்டு, தண்டனை இல்லை. சேர்ந்தபின் வெளியேறினால் சபை விலக்கும். பெற்ற தாயோடும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண முடியாது. இரு மேசைகளைச் சற்றே இடைவெளி விட்டுப் போட்டு, இடைவெளி தெரியாமல் ஒரே விரிப்பால் மூடி, விதியையும் காத்து மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு என்று படித்தபோது, நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். இனி, திருமணம் செய்துகொள்ள வேண்டுமானால் மணமக்கள் இருவருமே சபையில் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். இந்த மூன்று விதிகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அவள் சென்ற இலையுதிர்காலத்தில் திருமுழுக்குப் பெற்றுவிட்டாள். அவன் இன்னும் பெறவில்லை. இந்த ஒற்றை வரியில் ஒரு நாவலுக்கான கதை முழுவதும் அடங்கிவிட்டது. எந்தத் தொலைபேசி அழைப்பாலும் அது தீராது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. லங்காஸ்டர் ஆமிஷ் மரபில் காதலர்கள் தம் பழக்கத்தை வெளியில் சொல்வதில்லை. இருட்டியபின் வருவான், வீட்டார் தெரியாததுபோல் இருப்பார்கள். களவு என்று நாம் பெயரிட்டிருப்பதற்கு இது வெகு அருகில் இருக்கிறது. ஊரார் மோப்பம் பிடித்துப் பேசுவது அலர். அந்த அலரைக் கிளப்புவதற்கு அங்கே ஒரு வேடிக்கையான வழி உண்டு: தண்டுக்காக வளர்க்கும் செலரி என்னும் கீரை. திருமண விருந்தில் ரொட்டித் துண்டுகளோடு பிசிறிய கோழிக்கும், பாலாடைக் குழம்பில் வேகவைத்த கூட்டுக்கும், மேசைகளில் பூங்கொத்துபோல நிற்கும் கண்ணாடிக் குவளைகளுக்கும் ஏராளமாகச் செலரித் தண்டு வேண்டும்; அறுவடை முடிந்த நவம்பர், டிசம்பரின் செவ்வாய், வியாழன்களில்தான் பெரும்பாலான திருமணங்கள் நடக்கும். ஆகவே பெண் இருக்கும் ஒரு வீட்டில் அந்தக் கோடையில் வழக்கத்தைவிட அதிகமாகச் செலரி நட்டிருந்தால், போகிற வருகிறவர்கள் வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பாத்தியை எண்ணுவார்கள். தாய்மார்கள் அதை மற்றச் செடிகளின் மறைவில் நடுவதும் உண்டாம். ஒரு காய்கறிப் பாத்தியை வைத்து இவ்வளவு படபடப்பை உண்டாக்க முடிகிற கதை உலகம் வேறெங்கே இருக்கிறது?

களவு வெளிப்படும் காட்சி இதைவிட அழகானது. அக்டோபரில் திருவிருந்து முடிந்தபின் வரும் ஒரு ஞாயிற்று வழிபாட்டில், இன்னாரை இன்னார் மணக்கப்போகிறார் என்று சபையின் டீக்கன் (பிஷப்புக்குத் துணையான சபை ஊழியர்) அறிவிப்பார். வழக்கப்படி அன்று மணப்பெண் வழிபாட்டுக்கு வருவதில்லை. வீட்டில் தனியே இருந்து அவனுக்காகச் சமைத்துக்கொண்டிருப்பாள். அறிவிப்பு முடிந்ததும், கடைசிப் பாட்டுக்கு முன்பே அவன் எழுந்து வெளியே போவான். பலகைகளில் அமர்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் அவன் எங்கே போகிறான் என்று தெரியும். அவர்கள் பாட்டைத் தொடங்கும்போது வெளியே குதிரையைப் பூட்டும் ஓசை கேட்கும். அடுப்பின் முன் நிற்கும் அவளுக்கு, சாலையில் குளம்போசை நெருங்கி வருவது கேட்கும். தொடுகை இல்லை, முத்தம் இல்லை, ஒரு வசனமும் இல்லை. இதைத் திறமையுள்ள ஓர் எழுத்தாளர் எழுதிப் படிக்கும்போது எனக்குக் கழுத்து சிலிர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. மூடிய கதவு இங்கே கூச்சத்தால் மூடப்பட்டதன்று. சிறு அசைவுகளுக்கு எடை கூடியிருப்பதால் கதவைத் திறக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

இவ்வளவு புகழ்ந்தபின், இந்நூல்கள் ஆமிஷ் மக்களைப் பற்றிய உண்மையைச் சொல்கின்றனவா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே என் பதில். அட்டைப்படத்துப் பெண்ணின் புருவம் திருத்தப்பட்டிருக்கும். லங்காஸ்டரில் வண்டிகளின் மேற்கூடு சாம்பல் நிறம். அட்டையிலோ கதை எங்கே நடந்தாலும் கறுப்பு வண்டிதான் ஓடும். இன்று ஆமிஷ் ஆண்களில் மிகப் பலர் கட்டட வேலைக்கும் மரப்பட்டறைக்கும் போகிறவர்கள் என்றாலும், கதாநாயகன் ஏர் பிடித்தே தீருவான். இவை சில்லறைப் பிழைகள். பெரிய பிழை கதாநாயகியின் ஆன்மாவில் இருக்கிறது. ஆமிஷ் சமயத்தின் நடு நரம்பு 'கெலாஸன்ஹைட்' என்னும் பணிவு. தன் விருப்பத்தைக் கடவுளுக்கும் சபைக்கும் விட்டுக்கொடுத்தல். நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன் என்று ஒருவர் உறுதியாகச் சொல்வது அங்கே அகந்தையாகப் படும். நம்பிக்கையோடு காத்திருக்கலாம், அவ்வளவே. நாவல்களிலோ கதாநாயகிகள் பலர் ஏதாவது ஓர் இரவில் தனியே மண்டியிட்டு, இயேசுவைத் தன் சொந்த மீட்பராக ஏற்று, அந்த நொடியே உறுதி பெறுகிறார்கள். தலைத்துணியை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே புறநகர் எவாஞ்சலிக்கல் சபைப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஆமிஷ் சமூகத்துக்குள்ளேயே வாழ்ந்துகொண்டு நாவல் எழுதும் லிண்டா பைலரைப் படித்தால் இந்த வேறுபாடு உடனே தெரியும்; அவரிடம் சர்க்கரை குறைவு, தாயின் எரிச்சலும் பணக் கவலையும் கூடுதல்.

கதைகள் சொல்லாமல் விடுபவை இன்னும் கனமானவை. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிகிறது. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதை ஏற்றுத் தீர்ப்பளித்தது. பாலியல் கொடுமை நடந்த வீடுகளில் பாதிக்கப்பட்ட பெண்ணையே மன்னித்துவிடச் சொல்லி, விஷயத்தைச் சபைக்குள்ளேயே முடித்துவைத்த நிகழ்வுகளை அண்மை ஆண்டுகளில் செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மன்னிப்பை இவ்வளவு அழகாக எழுதும் நாவல்களில் அந்த மன்னிப்பின் இந்தப் பக்கம் அபூர்வமாகவே தலைகாட்டுகிறது.

என்னை நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று இங்கே வருகிறது. ஊர்விலக்கு என்ற சொல் எங்கள் பக்கத்தில் காதல் கதையின் சுவையான திருப்பமன்று. சாதி கடந்து மணந்தவர்களைத் தண்ணீர்க் குழாயிலிருந்தும் கோயில் படியிலிருந்தும் விலக்கிவைத்த கட்டப்பஞ்சாயத்துகளின் பெயர் அது. கொலையில் முடிந்த காதல்களை நாளிதழில் படித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஊர்க்கட்டுப்பாட்டின் அழகை வியந்து ஒரு தமிழ் நாவல் வந்தால் இரண்டாம் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். பிறகு லங்காஸ்டர் பிஷப்பின் கட்டுப்பாட்டை மட்டும் ஏன் ரசிக்கிறேன்? நேர்மையாகச் சொன்னால், அந்த வேலி என் வேலி அன்று. நான் அதற்கு வெளியே காரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறேன். இந்நூல்களை வாங்கும் லட்சக்கணக்கான அமெரிக்கப் பெண்களும் அப்படித்தான். பிறர் தியாகத்தின் எடையைத் தம் கையில் ஏந்தாமல் உணர்ந்து பார்க்கிறார்கள், நூலை மூடியதும் கார்ச் சாவியை எடுத்துக்கொள்கிறார்கள். இது தெரிந்தபின்னும் என் ரசனை குறையவில்லை. குறைந்திருக்க வேண்டுமோ என்ற உறுத்தல் மட்டும் மிச்சமிருக்கிறது.

சென்ற சனிக்கிழமை எடுத்துவந்த நூலை மூன்று இரவுகளில் முடித்தேன். தங்கைக்காக விட்டுக்கொடுக்கும் அக்கா, ஒஹாயோவிலிருந்து வந்த லாடக்காரன், பனியில் கவிழ்ந்த வண்டி. அவன் எழுந்து வெளியே போகும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காட்சியில் வழக்கம்போலச் சிலிர்ப்பு. முடித்ததும் என் அடையாளத்தை இடலாமென்று பென்சிலோடு 19ஆம் பக்கத்தைத் திருப்பினேன். அந்த நூலகத்தில் தமிழ் எழுத்தில் குறியிடுகிறவள் நான் ஒருத்திதான். எம், டி, நட்சத்திரம் ஆகியவற்றுக்குக் கீழே, சற்று மங்கலாக, ஏற்கெனவே ஒரு 'வ' இருந்தது.