பெண்டோனைட் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? இடம் கொடுத்தால்தானே!

அணுக்கழிவைப் பாறைக்குள் புதைக்கும் பேச்சு வந்தாலே, "சுற்றிலும் பெண்டோனைட் (நனைந்தால் உப்பும் களிமண்) இருக்கு, தண்ணியைப் பிடிச்சுக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால், உறிஞ்சழுத்தத்துக்கு (மண் தண்ணீரை இழுக்கும் வலு) ஏற்ப நீர் அளவு மாறுவதைக் காட்டும் ஒரு வளைகோட்டை நீட்டுவார்கள். அது தளர்வாக உப்பவிட்ட மண்ணில் எடுத்ததாக இருந்தால் குப்பையில் போடலாம் என்பது என் கட்சி.

சுவிட்சர்லாந்தின் கிரிம்சல் சுரங்கத்தில் நடந்த ஃபெபெக்ஸ் சோதனையைப் பாருங்கள். 2.28 மீட்டர் விட்டக் குடைவு. நடுவில் 100 டிகிரி ஹீட்டர்கள், சுற்றிலும் அழுத்திய பெண்டோனைட் கட்டிகள். 1997-இல் சூடேற்றி, ஒரு ஹீட்டரை 2002-இலும் மற்றதை 2015-இலும் பிரித்தார்கள். பாறையை ஒட்டிய மண் நிறைந்திருந்தது. ஹீட்டரை ஒட்டியதோ 18 வருஷம் கழித்தும் முழுதாக நிறையவில்லை. சூடு ஆவியை வெளியே தள்ள, உலர்ந்த மண்ணின் உறிஞ்சழுத்தம் நீரை உள்ளே இழுக்க, அத்தனை வருஷ இழுபறி.

இனி, உப்ப இடம் கொடுக்காமல் அடைத்த மண்ணின் கணக்கு. உலர் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.6 கிராம், மண்துகள் அடர்த்தி 2.7 என்றால் வெற்றிடம் சுமார் 41 சதவீதம். நீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், உலர்ந்த மண்ணின் எடையில் 25.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீருக்கு இடமில்லை. உப்பவிட்ட மண் இதைச் சுலபமாகத் தாண்டும். உறிஞ்சழுத்தம் அதிகமுள்ள உலர்ந்த பக்கம், அடைத்த மண், உப்பிய மண் இரண்டின் கோடும் ஒட்டியே போகும். ஈரப் பக்கம்தான் பிரியும். உப்பிய மண்ணின் கோட்டை கணினி மாதிரிக் கணக்கில் ஊட்டினால், பெண்டோனைட் தடுப்பு நனைய ஆகும் காலம் பிசகும். (அடைத்த மண்ணிலும் நிறைவு (வெற்றிடத்தில் நீர் நிரம்பிய பங்கு) 100 சதவீதத்தைத் தாண்டி வரலாம். பதறவேண்டாம், களிமண் அடுக்குக்குள் சிக்கிய நீரின் அடர்த்தி 1-க்கு மேல்.)

அளக்கும்போது மண் மாதிரியை நீராவி நுழையும் துளைத்தட்டு வைத்த எஃகுக் கூட்டில் அடைத்து, உப்புக் கரைசல் வைத்த டெசிகேட்டரில் (காற்றுப்புகாத மூடிய கலம்) விடுங்கள். நிறைவுற்ற சாப்பாட்டு உப்புக் கரைசல் 75 சதவீத ஈரப்பதம் தரும். 20 டிகிரியில் அது சுமார் 39 மெகாபாஸ்கல் உறிஞ்சழுத்தம். எடை நிலைக்க வாரங்கள், சிலசமயம் மாதங்கள். 98 சதவீதத்தில் வேலை செய்தால் ஏசி ஒரு டிகிரி ஆடினாலே போச்சு: பனிநிலை (காற்றின் ஈரம் நீராகும் வெப்பநிலை) அரை டிகிரிக்கும் குறைவான தூரத்தில் நிற்கிறது, கூட்டின்மேல் நீர் துளிர்க்கும், அந்த எண் குப்பை.

கூட்டைத் திறந்ததும் மண் உப்பும், ஒட்டியிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். அதனால் துடைத்துவிட்டு உடனே வெட்டி எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் 24 மணிநேரம் வையுங்கள்.